கரைக்கடல் படகுகளில் டிரான்ஸ்பாண்டர்: தடம் யார் கையில் இருக்க வேண்டும்?

முட்டத்துக்காரன்

மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் 364 கோடி ரூபாய் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும், இஸ்ரோ உருவாக்கிய கருவி. 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் தொடங்கிவைத்தார். படகுக்காரரிடம் பணம் வாங்குவதில்லை. செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு செய்தி பரிமாறலாம். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

உயிர் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேச வந்தது வேறு. படகு எங்கே போனது, எங்கே நின்றது, எத்தனை மணி நேரம் வலை போட்டது என்ற விவரம் எல்லாம் ஓரிடத்தில் சேரப் போகிறது. நம் கரைக்கடலை நிர்வகிப்பதற்கு இதைவிட நல்ல தரவு இதுவரை இருந்ததில்லை. ஆனால் அந்தத் தரவு படகுக்காரனுக்குத் திரும்பி வருமா? இல்லை, அவனைப் பிடிப்பதற்கு மட்டும் பயன்படுமா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி வரட்டும். ஆனால் சிறுபடகுகளின் தடத்தை முதலில் பார்க்கும் உரிமை அந்தந்த ஊருக்கு இருக்க வேண்டும். ஊர் அனுமதித்த பிறகுதான் மற்றவர் கைக்குப் போக வேண்டும். குமரி மாவட்டக் கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை இருப்பவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கடலாடி

நான் கடியப்பட்டணம். சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் குடும்பம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கடலுக்கடியில் பார் என்கிற பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு அப்பன் பாட்டன் தந்த சொத்து. கரையில் ஒரு மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலையை இறக்குவோம். அந்த இடத்தை அண்ணன் தம்பிக்குள்கூடச் சட்டென்று சொல்ல மாட்டார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்தக் கருவியைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது என் படகே நான் நின்ற இடத்தை எல்லாம் எழுதி அனுப்பினால், வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் ஒரே வாரத்தில் எல்லாப் பாரையும் கண்டுபிடித்துவிடுவான். பார் சிறியது. பத்துப் படகு ஒரே நேரத்தில் வந்து வலை போட்டால் அந்த வருடத்தோடு அது முடிந்தது.

அலைவாய்க்கரை

கடலாடி அண்ணன் சொல்வது நியாயம். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற பருவத்தில் இரவில் நாங்கள் விரித்திருந்த வலையை ஒரு விசைப்படகு அறுத்துக்கொண்டு போனது. காலையில் வலையின் ஒரு முனையும் மிதவையும்தான் மிச்சம். அது யார் படகு என்று கடைசி வரை தெரியவில்லை. புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே ஆதாரம் எங்கே என்பதுதான். அந்தப் படகின் தடம் என் கையில் இருந்திருந்தால் நான் கேட்ட நஷ்ட ஈடு கிடைத்திருக்கும்.

கருவி எனக்கு வேண்டும். ஆனால் அவர்கள் படகில் முதலில் பொருத்துங்கள். அதன் பிறகு என் படகுக்கு வாருங்கள்.

தரவுத்தோணி

மணக்குடிக்காரன். தரவுப் பகுப்பாய்வு என் தொழில். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்க்கரை தம்பி சொன்னதுதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி. 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கியது. பின்னர் வந்த விதிகளில் விசைப்படகுகளுக்கான தடை 5 கடல் மைல் வரை நீண்டது. காகிதத்தில் கோடு இருக்கிறது. கடலில் அந்தக் கோட்டை யார் பார்ப்பது? ரோந்துப் படகு ஒரு மாவட்டம் முழுவதும் இரவும் பகலும் நிற்க முடியாது. அந்தக் கோட்டைக் காப்பதற்குத் தடத் தரவு மிகப் பொருத்தமான கருவி.

இழுவை மடி, அதாவது கடலடியில் இழுத்துப் போகும் பை வலை போட்ட படகு மணிக்கு இரண்டு முதல் நான்கு கடல் மைல் வேகத்தில், ஏறக்குறைய ஒரே திசையில், மணிக்கணக்கில் நகரும். துறைமுகம் திரும்பும்போது வேகம் இரண்டு மடங்கு கூடிவிடும். ஆகவே வேகத்தையும் திருப்பங்களையும் வைத்தே 'இங்கே மடி இழுத்தது, இங்கே சும்மா கடந்து போனது' என்று பிரித்துவிடலாம். கரைக்கு 2 கடல் மைலில் ஒரு விசைப்படகு இருந்தது என்பது மட்டும் குற்றமில்லை. அங்கே மணிக்கு 3 கடல் மைல் வேகத்தில் இரண்டு மணி நேரம் நகர்ந்தது என்றால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கு சிறிய ஃபைபர் படகுக்கு அப்படியே பொருந்தாது. சாதாரணக் கண்காணிப்புக் கருவி ஒரு மணிக்கு ஒருமுறையோ அதற்கும் மேலான இடைவெளியிலோ இடத்தைச் சொல்லும். ஆழ்கடலில் பல நாள் தங்கும் படகுக்கு அது போதும். விடியலுக்கு முன் போய் எட்டு மணிக்கெல்லாம் கரை சேரும் நெத்திலிப் படகுக்கு? மணிக்கு 10 கடல் மைல் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 18 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். மூன்று புள்ளி, நான்கு புள்ளிதான் கிடைக்கும். எங்கே வலை போட்டது, எங்கே தேடி அலைந்தது என்று எதுவும் தெரியாது. சிறுபடகுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறையாவது புள்ளி வேண்டும். அத்தனையையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பினால் செலவு தாங்காது. ஆகவே கருவியிலேயே சேமித்துவைத்து, கரை சேர்ந்ததும் செல்போன் சிக்னலில் அனுப்பும் சூரிய ஒளிக் கருவிகள் வந்துவிட்டன. கிழக்குத் திமோரில் சிறு தோணிகளில் இத்தகைய கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கரையில் மீன் எடை பதிவதோடு அதை இணைத்து, எந்த இடத்தில் எந்த வலைக்கு என்ன மீன் கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள்.

உயிர் காக்கும் கருவியும் மேலாண்மைக்கான கருவியும் ஒன்றேதான் என்று நினைத்துத் திட்டம் போட்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

வள்ளவிளை

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்கிறவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கரையில் நின்ற எங்களுக்கு எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று தெரியாது. கையில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஒதுங்கிய படகுகளைப் பற்றிய செய்தி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. வராதவர்களுக்காக இன்றும் எங்கள் ஊர்களில் பூசை நடக்கிறது. யாராவது 'கருவி வேண்டாம்' என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

எல்லை தாண்டினால் எச்சரிக்கும் வசதியும் எங்களுக்கு அவசியம். இந்தியப் பெருங்கடல் தீவான டியகோ கார்சியா பக்கம் போய்ப் பிடிபட்ட எங்கள் ஊர்ப் படகுகள் பல.

எங்கள் படகுத் தடத்தை அரசு பார்க்கட்டும். தயவுசெய்து கரைக்கடல் சண்டையில் ஆழ்கடல் படகுக்குக் கிடைக்கும் பாதுகாப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

முட்டத்துக்காரன்

வள்ளவிளை, உங்கள் வார்த்தையை யாரும் தள்ளவில்லை. ஆபத்துப் பொத்தானும் புயல் எச்சரிக்கையும் எந்த நிபந்தனைக்கும் உட்படக் கூடாது. அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் நம் நாட்டில் படகுக் கண்காணிப்பு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 2008-இல் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதன் பிறகுதான் மீனவருக்கு அடையாள அட்டை, 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்குத் தானியங்கி அடையாளக் கருவி என்று எல்லாம் வேகமெடுத்தன. பாதுகாப்புத் துறையின் தேவைக்காக உருவான ஏற்பாடு இது. மீன்வளத்தை நிர்வகிப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 'யார் எங்கே இருக்கிறான்' என்ற கேள்விக்கு விடை தர ஆள் இருக்கிறது, 'இந்தக் கடலை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள்' என்று கேட்க ஆள் இல்லை.

நீதிமன்றமும் இதைக் கையில் எடுத்துவிட்டது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று வரம்பு வைத்தது. அதோடு அங்கீகரிக்கப்பட்ட கண்காணிப்புக் கருவி படகில் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சுருக்குமடிக்கு வைத்த இந்த நிபந்தனையைக் கரைக்கு அருகே மடி இழுக்கும் படகுக்கும் வைக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

குறும்பனை மகள்

ஆண்கள் எல்லாரும் கடலுக்குள்ளேயே நிற்கிறீர்கள். கரைக்கும் கொஞ்சம் வாருங்கள்.

என் அம்மா மீன் விற்று எங்களை வளர்த்தார். படகு மணலில் ஏறியதும் மீனைக் குவித்து ஏலம் கூவுவார்கள். அந்தச் சில நிமிடத்தில்தான் விலை முடிவாகும். எத்தனை படகு பின்னால் வருகிறது என்று ஏலத்துக்கு நிற்கிற யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வியாபாரி அதனால்தான் துணிந்து கேட்பார். இப்போது லாரி வைத்திருக்கும் பெரிய வியாபாரியின் போனில் வரும் படகு எல்லாம் தெரிந்தால் என்ன நடக்கும்? இன்னும் இருபது படகு வருகிறது என்று தெரிந்தவர் முதல் படகின் சாளைக்கு என்ன விலை கேட்பார்? தலைச்சுமையாக வாங்கிப் போகிற பெண்களிடம் அந்த வரைபடம் இருக்காது. விலை தெரிந்தவர் ஒரு பக்கம், தெரியாதவர் மறுபக்கம் என்று ஏலம் சாய்ந்துவிடும்.

படகு எப்போது வரும் என்று தெரிந்தால் எங்களுக்கும் நல்லதுதான். மூன்று மணிக்கே வந்து குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் தெரியக் கூடாது.

தரவுத்தோணி

அக்கா, இந்தக் கோணத்தை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை. மிக முக்கியமானது.

இதற்கும் கடலாடி அண்ணன் அச்சத்துக்கும் தொழில்நுட்பத்தில் வழி இருக்கிறது. உயிர்காப்பு அல்லாத எல்லாப் பயன்பாட்டுக்கும் தடத்தை உடனே வெளியிடக் கூடாது, சில வாரங்கள் கழித்தே வெளியிட வேண்டும். புள்ளியாகக் காட்டாமல், கடலைக் கிலோமீட்டர் கணக்கில் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை மணி நேர மீன்பிடிப்பு என்று மட்டும் காட்டலாம். மூன்று படகுக்குக் குறைவாக வந்த கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுவது வேறு நாடுகளிலும் வழக்கம். ஒருவர் மட்டும் அறிந்த பார் அப்போது வரைபடத்தில் வராது.

கரையில் இருக்கும் விற்பனைச் சீட்டையும் மறக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் மீனவர் சங்கம் ஏலத்தை நடத்தி, எந்தப் படகு எந்த மீனை என்ன விலைக்கு விற்றது என்று பதிந்துவைக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தையும் தடத்தையும் சேர்த்தால், ஒரு மணி நேரம் வலை போட்டதற்கு எத்தனை கிலோ என்ற கணக்கு வரும். மொத்த மீன்வரத்து கூடினாலும் அந்த ஒரு மணி நேரக் கணக்கு குறைந்துகொண்டே வந்தால் கடல் இளைக்கிறது என்று அர்த்தம். இதை அதிகாரிகளுக்கு முன்னால் ஊரே கண்டுபிடித்துவிடலாம். கண்ணி அளவைக் கூட்டுவதா, முட்டையோடு வரும் சிங்கி இறாலைத் திருப்பி விடுவதா என்று ஊர்க் கூட்டத்தில் முடிவெடுக்க அதுதான் அடிப்படை.

கடலாடி

தம்பி சொல்கிற கட்ட வரைபடம் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில்தான் பெரிய பயம். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பார்க்கிறவன் 'இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை' என்று சொல்ல மாட்டானா?

கரமடி இழுக்கிறவர்கள் கரையில் நின்று இழுக்கிறார்கள், அவர்கள் படகில் கருவி எங்கே? கட்டுமரத்தை அவிழ்த்து மணலில் காய வைக்கிறவன் எங்கே பொருத்துவான்? மட்டி எடுக்கப் பாறையில் மூழ்குகிறவன்? தரவு என்று சொல்லிக்கொண்டு வருகிற வரைபடத்தில் இவர்கள் யாருமே இருக்க மாட்டார்கள். ஆடி மாதக் கடல் அடிக்கிற நாளில் கருவி வைத்து எடுத்த கணக்கைக் காட்டி வருடம் முழுக்க இந்த இடம் காலி என்பார்கள்.

முட்டத்துக்காரன்

கடலாடி, இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் கனமான கேள்வி உங்களுடையது. நான் கருவி வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவேதான் காரணம்.

குமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் இருக்கும் வாட்ஜ் பேங்க் திட்டு நினைவிருக்கிறதா? 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் அந்தத் திட்டின் மீதான இறையாண்மை உரிமை இந்தியாவுக்கு என்று உறுதியானது. அந்தக் கடலை நம்பித்தான் குமரியில் பலர் மீன் பிடிக்கிறார்கள். இப்போது குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட நிறுவனங்களுக்கு வட்டாரங்கள் ஒதுக்கியதை எதிர்த்து நம் ஊர்கள் போராடுகின்றன. மன்னார் வளைகுடாவில் கடற்காற்றாலைக்கு இடம் குறித்திருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் வரைபடம் இருக்கிறது. அந்த வரைபடத்தில் நாம் மட்டும் இல்லை. உலக அளவில் படகு நடமாட்டத்தைக் காட்டும் குளோபல் ஃபிஷிங் வாட்ச் போன்ற தளங்களைத் திறந்து பாருங்கள். பெரிய கப்பல் தெரியும். ஃபைபர் வள்ளம் தெரியாது, ரேடார் செயற்கைக்கோளுக்கும் சிறிய ஃபைபர் படகு சரியாகப் பிடிபடாது. பெரிய தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் வருவதில்லை என்று 2024 ஜனவரியில் ஆய்வு வந்தது. அப்படியிருக்க நம் படகு எம்மாத்திரம்?

நம் தடம் நம்மிடம் இருந்தால், பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் 'இது எங்கள் கடல்' என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், எந்த மாதத்தில் எத்தனை படகு எந்தக் கட்டத்தில் உழைக்கிறது என்று காட்டலாம். கருவி இல்லாத கரமடிக்காரரையும் கட்டுமரத்தையும் ஊரார் உட்கார்ந்து கையால் வரைந்து அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். கையால் வரைந்ததும் இயந்திரம் வரைந்ததும் ஒரே தாளில், ஒரே மதிப்போடு. அப்படி இல்லாத வரைபடத்துக்கு ஊர் கையெழுத்துப் போடக் கூடாது.

தடைக்காலத்துக்கும் இது உதவும். நம் மாவட்டம் மாநிலத்திலேயே தனி ரகம். சின்னமுட்டம் பக்கத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு பக்கம் மூடியிருக்கும் பெரும்பாலான நாட்களில் மறுபக்கம் விசைப்படகுக்குத் திறந்திருக்கும். எந்தப் படகு எந்தப் பக்கம் தாவுகிறது என்று வாய்ச்சண்டைதான் நடக்கிறது. தடம் இருந்தால் ஒரே நாளில் தீரும்.

பட்டறை

அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கருவியை எங்கே வைப்பீர்கள்?

விசைப்படகில் வீல்ஹவுஸ் இருக்கிறது. ஃபைபர் படகில் நிழல் என்று ஒரு சாண் இடம் கிடையாது. முன்னணியத்தில் வைத்தால் அலையை வெட்டும்போது அடி தாங்காது. பின்னால் எஞ்சின் பக்கம் வைத்தால் அதிர்வும் பெட்ரோலும். நடுவில் வைத்தால் வலை வாரும்போது கண்ணி மாட்டும். வலை மாட்டுகிற எதையும் இரண்டாவது நாளே கழற்றி எறிவார்கள், அதில் தப்பும் இல்லை. சூரியத் தகடு என்கிறீர்கள், அதன் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்து, மேலே ஈர வலையைப் போட்டு மூடியிருப்பார்கள். சார்ஜ் எப்படி ஏறும்? நம் கரையில் படகு துறைமுகத்தில் கட்டுவதில்லை. அலை வழியாக ஏற்றி இறக்குகிறோம். கவிழ்ந்தால் கருவியும் மூழ்கும்.

வட்டமான முனை, கண்ணி மாட்டாத உருவம், பக்கவாட்டுப் பலகையின் உட்புறம் நான்கு போல்ட்டில் அமரும் தாங்கி. இதை நம் ஊர்ப் படகுக்குப் பொருத்திப் பார்த்துச் செய்யுங்கள். எங்கேயோ வடிவமைத்துப் பெட்டியில் வருவது இங்கே நிற்காது.

அலைவாய்க்கரை

பட்டறை அண்ணன் சொன்ன பிறகுதான் இன்னொன்று தோன்றுகிறது. கருவி உப்பில் கெட்டுப் போனால் 'வேண்டுமென்றே அணைத்தான்' என்று மானியத்தை நிறுத்திவிடுவார்களா? டீசல், மண்ணெண்ணெய் மானியத்தோடு இதைக் கட்டிவிட்டால் கருவி பழுதாகும் ஒவ்வொரு முறையும் எங்களுக்குத்தான் தண்டனை.

தரவுத்தோணி

அந்த ஆபத்து உண்மையானது. தரவு இல்லாத நேரத்தைக் குற்றமாக எடுக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதில் அரசு அமைப்புகளுக்கு விலக்குகள் அகலமாகவே இருக்கின்றன. சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முட்டத்துக்காரன்

அப்படியானால் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தைப் பேசுவோம். நம் ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகக் கூடாது என்பதையும், எந்த வலையை அனுமதிப்பது என்பதையும் ஊர்க் கமிட்டியும் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் முடிவு செய்து நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. அரசாணைக்குக் கட்டுப்படாதவனும் ஊர் முடிவுக்குக் கட்டுப்படுகிறான். அந்த அமைப்பின் கையில் தரவின் சாவி இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆபத்து நேரத்தில் இருப்பிடம் கடலோரக் காவல் படைக்கும் மீன்வளத் துறைக்கும் உடனே போகட்டும், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மற்ற நேரத்தில் ஃபைபர் படகின் தடம் சங்கத்தின் கணினியில் இருக்கட்டும். துறைக்கு மாதம் ஒருமுறை கட்டக் கணக்கு மட்டும் போகட்டும். விசைப்படகின் தடம் 5 கடல் மைலுக்குள் வந்தால் அந்தந்த ஊர்ச் சங்கத்துக்கும் எச்சரிக்கை வரட்டும், ஏனென்றால் அறுபடுவது அவர்கள் வலை. வியாபாரிக்கோ நிறுவனத்துக்கோ ஒரு புள்ளிகூட விற்கக் கூடாது.

குறும்பனை மகள்

அதில் ஒரு வரி சேருங்கள். அந்தக் கமிட்டியில் மீன் விற்கும் பெண்களுக்கு இடம் வேண்டும். பேரவையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்த எத்தனையோ விஷயம் எங்கள் கூடையில்தான் வந்து விழுந்திருக்கிறது.

வள்ளவிளை

எங்கள் பக்க ஊர்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, உங்கள் பக்கம் கோட்டாறு மறைமாவட்டம். படகுகள் இரண்டு பக்கமும் ஒரே கடலில்தான் ஓடுகின்றன. ஒப்பந்தத்தை எழுதும்போது இரண்டு பக்கத்துச் சங்கங்களும் சேர்ந்தே எழுத வேண்டும். கேரளப் பக்கத்து விசைப்படகும் இங்கே வருகிறது என்பதால் அந்த மாநிலத் துறையையும் அழைக்க வேண்டும். ஆபத்துப் பொத்தானைத் தனியாகப் பிரித்ததற்கு முட்டத்துக்காரனுக்கு நன்றி. அந்த நிபந்தனையோடு நான் கையெழுத்துப் போடுவேன்.

கடலாடி

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் ஒரு வழி சொல்கிறேன். எங்கள் ஊரில் விருப்பமுள்ள சில படகுகளில் மட்டும் ஒரு பருவத்துக்கு வைத்துப் பார்க்கலாம். சிங்கி இறால் வலை போடுகிற படகை விட்டுவிடுங்கள், நெத்திலி, சாளைப் படகோடு தொடங்குங்கள், அந்த மீனுக்கு நிலையான இடம் கிடையாது, ரகசியமும் இல்லை. பருவம் முடிந்ததும் வரைபடத்தை முதலில் எங்கள் கடற்கரையில் விரித்துக் காட்டுங்கள். சரியாக இருக்கிறதா என்று வயதானவர்கள் பார்க்கட்டும். கரமடிக்காரர்கள் தங்கள் இடத்தை அதிலேயே வரையட்டும். பிறகு இறால் படகைப் பற்றிப் பேசுவோம். வேண்டாம் என்றால் கழற்றிக் கொடுக்கும் உரிமையும் இருக்க வேண்டும்.

பட்டறை

கடலாடி அண்ணே, அந்த நெத்திலிப் படகுகளில் இரண்டு என் பட்டறைக்கு எஞ்சின் வேலைக்கு வர இருக்கின்றன. தாங்கி ஒன்றை வெட்டி, காலிப் பெட்டியை வைத்து வலை வாரிப் பார்க்கலாம். கண்ணி மாட்டுகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். தரவுத்தோணித் தம்பி பெட்டியின் அளவை மட்டும் அனுப்பினால் போதும்.